கண் போன பிறகும் வரைந்தவர், கனவை வரைந்து மறைந்தவர்: ஓவியரின் ‘குறை’ ஓவியத்தில் என்ன செய்கிறது?

புதிய புறநகர் பேருந்து நிலையத்தால் அடிக்கடி செய்திகளில் அடிபடும் ஊர் குத்தம்பாக்கம். பூந்தமல்லி, திருமழிசை தாண்டி, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. தினமும் கம்பெனி பஸ்ஸிலோ பைக்கிலோ இந்தப் பக்கம் போய் வருபவர்களுக்கு இந்தச் சாலை என்றால் டிராஃபிக், தூசி, கன்டெய்னர் லாரி. அவ்வளவுதான்.

ஆனால் ஓவியம் பிடித்தவர்களுக்கு இதே சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதை இருக்கிறது.

குத்தம்பாக்கத்திலிருந்து கிழக்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலை பிடித்து நகரத்துக்குள் வந்தால் பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி வரும். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இது. திக்கித் திணறிப் பேசிய, மனநோயோடு போராடிய ராமானுஜம் என்ற இளைஞர் இங்கேதான் படித்தார்.

மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். இன்று கார், மொபைல் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போன இந்த ஊர்தான் வைணவ ஆச்சாரியர் ராமானுஜர் பிறந்த ஊர். அந்த ராமானுஜர் 1940-களில், வங்காளத்தின் சாந்திநிகேதனில் ஒரு சுவரில் ஓவியமாக வந்து நின்றார். வரைந்தவருக்குப் பிறவியிலிருந்தே ஒரு கண் தெரியாது. இன்னொரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை.

மன பாதிப்பு, பார்வைக் குறைபாடு, விபத்து, வறுமை. ஒரு ஓவியரின் வாழ்க்கையில் நடக்கும் இதெல்லாம் அவருடைய ஓவியத்தை எப்படி மாற்றுகிறது? ‘கஷ்டப்பட்டாத்தான் கலை வரும்’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அது உண்மையா? பார்க்கலாம்.

யார் இந்த கே.ராமானுஜம்?

1940-களின் தொடக்கத்தில் சென்னையில் பிறந்தவர் ராமானுஜம். பேச்சு சரியாக வராது. அவருக்கு மனச்சிதைவு நோய் இருந்ததாகவும் அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், பரீட்சை, வேலை என்று போகும் வழக்கமான பாதை இவருக்கு ஒத்துவரவில்லை.

அவருக்குச் சரளமாக வந்தது ஒன்றே ஒன்றுதான். கோடு.

பேனாவும் மையும் கொடுத்தால் போதும். காகிதத்தில் வெற்றிடமே இல்லாதபடி நிரப்பிவிடுவார். கோபுரம் மேல் கோபுரம், வாசலுக்குள் வாசல், பாம்புகள், விநோத மிருகங்கள், தேவலோகப் பெண்கள் என்று போகும் அந்த உலகம். மெல்லிய கோடுகளை நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்கும் போட்டே வெளிச்சத்தையும் நிழலையும் கொண்டுவருவார். பார்ப்பவர்களுக்கு அது கோயில் மாதிரியும் இருக்கும், பழைய ராஜா ராணி சினிமா செட் மாதிரியும் இருக்கும்.

அந்த மாய உலகத்துக்குள் தொப்பி போட்ட ஒரு ஆள் அடிக்கடி வருவார். அது ராமானுஜமேதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். வெளியே, நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கவே சிரமப்பட்ட மனிதர். வருமானமும் பெரிதாக இல்லை. ஆனால் காகிதத்துக்குள் அவர் தேவதைகள் சூழ மாளிகைகளுக்குள் நடமாடுகிறார். நிஜத்தில் கிடைக்காத மரியாதையைத் தனக்குத் தானே கட்டிக்கொடுத்துக்கொண்ட ஊர் அது.

‘பேச முடியாததால் வரைந்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் பேச்சு வராத எல்லோரும் ராமானுஜம் ஆகவில்லை. இடையில் வேறு ஒன்று நடந்தது.

ஒரு ஆசிரியர் என்ன செய்தார்?

ராமானுஜத்தைக் கண்டுகொண்டவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1957 முதல் 1967 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். தென்னிந்திய நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசினால் இவரைத் தவிர்க்கவே முடியாது.

நன்றாகப் பேசு, ஒழுங்காக எழுது, மற்ற மாணவர்கள் மாதிரி வரை என்று ராமானுஜத்தைத் திருத்தும் வேலையில் பணிக்கர் இறங்கவில்லை. அந்தப் பையனின் கோட்டில் என்ன இருக்கிறதோ, அதையே வளரவிட்டார்.

பணிக்கருக்கும் அவரோடு இருந்த ஓவியர்களுக்கும் இன்னொரு கவலையும் இருந்தது. கல்லூரியில் ஐந்தாறு வருஷம் ஓவியம் படித்துவிட்டு வெளியே வருபவர்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? அந்தக் காலத்து மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் குறைவு. பலரும் விளம்பரம், துணி டிசைன் என்று ஏதாவது வேலைக்குப் போய், வரைவதையே விட்டுவிடுவார்கள்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப பிராக்டிக்கலானது. பாத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருட்களைச் செய்து விற்பது. அந்தப் பணத்தில் மீதி நேரம் ஓவியம் வரைவது. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அரசு மானியத்துக்காகக் காத்திருக்காமல் ஓவியர்களே சேர்ந்து கட்டிய ஊர் என்பதுதான் அதன் பெருமை.

ராமானுஜமும் அங்கே வாழ்ந்தார். அவரைப் போன்ற ஒருவர் தனியாக வாடகை வீடு எடுத்து, வேலை தேடி, ஓவியம் விற்றுப் பிழைப்பது நடக்காத காரியம். சுற்றிலும் ஓவியர்கள் இருந்த ஒரு ஊர் அவருக்கு ஒதுங்க இடம் கொடுத்தது, வரைய நேரம் கொடுத்தது. சென்னை கன்னிமாரா ஹோட்டலுக்குச் சுவரோவியம் வரையும் வாய்ப்பும் பிறகு அவருக்குக் கிடைத்தது.

ஆனால் கதை அப்படியே சுபமாக முடியவில்லை. 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இன்று அவருடைய ஓவியங்கள் பெரிய கேலரிகளில் இருக்கின்றன. கலை வரலாற்று நூல்களில் ‘மெட்ராஸ் ஓவிய இயக்கம்’ பற்றிய பக்கங்களில் அவர் பெயர் வராமல் இருக்காது. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

கண் தெரியாதவர் சுவரோவியம் வரைந்தது எப்படி?

இப்போது சாலையின் மேற்குப் பக்கத்துக் கதை.

பினோத் பிஹாரி முகர்ஜி 1904-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பார்வைக் கோளாறால் பள்ளிப் படிப்பு தடைபட்டது. தாகூர் தொடங்கிய சாந்திநிகேதனுக்கு வந்து, 1919-ல் அங்கே புதிதாகத் தொடங்கிய ஓவியப் பள்ளியான கலா பவனத்தில் சேர்ந்தார்.

ஆசிரியர் நந்தலால் போஸுக்குத் தயக்கம். கண்ணே சரியாகத் தெரியாத பையனுக்கு எப்படி ஓவியம் சொல்லிக்கொடுப்பது? விஷயம் தாகூர் வரை போனது. பையன் ஆர்வமாக உட்கார்ந்து வேலை செய்கிறான் என்றால் அவன் போக்கில் விட்டுவிடுங்கள் என்பதுதான் தாகூரின் பதிலாக இருந்தது என்கிறார்கள். பையன் அங்கேயே படித்து, பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

1946-47-ல் சாந்திநிகேதனின் இந்தி பவனத்தில், மூன்று சுவர்களின் மேல்பகுதியில் அவர் ஒரு மாபெரும் சுவரோவியம் வரைந்தார். இடைக்கால இந்தியாவின் ஞானிகளும் பக்திக் கவிஞர்களும்தான் கரு. ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் என்று ஒருவர் பின் ஒருவராக, மக்கள் கூட்டத்தோடு ஒரு நதி மாதிரி ஓடும் ஓவியம்.

இதில் டெக்னிக்கலாக ஒரு சிக்கல் உண்டு. அவர் வரைந்தது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல். பூச்சு காய்வதற்குள் நிறம் வைத்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் நிறம் சுவரோடு சுவராக ஒட்டிவிடும். அழித்துத் திருத்துவது கஷ்டம். அதனால் இந்த வேலை செய்பவர்கள் பொதுவாக முழு ஓவியத்தையும் காகிதத்தில் அதே அளவில் வரைந்து, சுவரில் நகல் எடுத்துக்கொண்டு, பிறகுதான் நிறம் வைப்பார்கள்.

பினோத் பிஹாரி அப்படி நகல் எடுக்கவில்லை. நேராகச் சுவரிலேயே வரைந்தார்.

சாரத்தின் மேல் நின்று, சுவருக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். பத்தடி தள்ளி நின்று ‘மொத்தமா எப்படி இருக்கு’ என்று சரிபார்ப்பது மற்ற ஓவியர்களுக்குச் சாதாரணம். அவருக்கு அது எளிதில்லை. ஆக, முழு ஓவியமும் முதலில் அவர் மனதுக்குள் இருந்தாக வேண்டும். வெளியே பார்த்துச் சரிசெய்ய முடியாதவர், உள்ளே பார்த்துப் பழகிக்கொண்டார்.

அந்தப் பழக்கம்தான் பிறகு அவருக்குக் கைகொடுத்தது. 1957-ல், கண்புரை அறுவை சிகிச்சை தோல்வியடைந்து, இருந்த கொஞ்சம் பார்வையும் போனது. அப்போது அவருக்கு வயது 53.

அத்தோடு ஓவிய வாழ்க்கை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் கத்தரியை எடுத்தார். வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி உருவங்கள் செய்தார். விரலால் விளிம்பைத் தடவிப் பார்க்க முடியும் அல்லவா? களிமண்ணில் சிறு உருவங்கள் செய்தார். பேனாவால் கோட்டோவியங்கள் போட்டார். 1972-ல், முழுதாகப் பார்வை இழந்து 15 வருஷம் கழித்து, கலா பவனத்தில் பீங்கான் ஓடுகளால் ஆன பெரிய சுவரோவியம் ஒன்றை மாணவர்கள் உதவியோடு முடித்தார்.

கலா பவனத்தில் அவரிடம் படித்த ஒரு மாணவர் அதே வருஷம் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். படத்தின் பெயர் ‘தி இன்னர் ஐ’. அந்த மாணவர் சத்யஜித் ராய்.

முந்தைய ஓவியங்களையும் பிந்தைய காகித வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டெனத் தெரியும். முன்னதில் நுணுக்கமும் கூட்டமும் அடுக்கடுக்கான உருவங்களும் இருக்கும். பின்னதில் பெரிய, எளிய வடிவங்களும் கெட்டியான நிறங்களும்தான். ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த உட்காரும் பாங்கு மட்டும்தான் இருக்கும். கண் கொடுத்த தகவல் நின்றுபோனபோது, கை நினைவில் வைத்திருந்தது மட்டும் மிஞ்சியது.

கண்புரை வந்தால் நிறம் மாறுமா?

மாறும். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே. அல்லிக்குளம் ஓவியங்களுக்குப் பெயர் போனவர்.

அவருக்குக் கண்புரை இருப்பது 1912-ல் தெரியவந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து 1923 வரை தள்ளிப்போட்டார். இடைப்பட்ட வருஷங்களில் அவர் வரைந்த அல்லிக்குளத்துப் பாலத்தைப் பார்த்தால் அதே பாலமா என்று சந்தேகம் வரும். முன்பு பச்சையும் நீலமுமாகக் குளிர்ச்சியாக இருந்த இடம், செம்பழுப்பும் ஆரஞ்சுமாகக் கொதிக்கும்.

காரணம் எளிமையானது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பிறக்கும்போது தெளிவாக இருக்கும். புரை வளர வளர அது மங்கி, மஞ்சளாகி, பழுப்பாகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது மாதிரி. நீலம், ஊதா நிற ஒளியை அந்த லென்ஸ் தடுத்துவிடும். எல்லாமே மங்கலாகத் தெரியும். நிறங்களுக்கு இடையே வித்தியாசம் கண்டுபிடிப்பதும் கஷ்டமாகும்.

மோனே என்ன செய்தார்? பெயின்ட் டியூபில் எழுதியிருக்கும் நிறத்தின் பெயரைப் படித்தும், தட்டில் ஒவ்வொரு நிறத்தையும் எப்போதும் அதே இடத்தில் வைத்தும் சமாளித்தார். அதாவது கண்ணை நம்பாமல் அனுபவத்தை நம்பினார்.

அந்தக் கொதிக்கும் ஓவியங்கள் வெறும் பார்வைக் கோளாறா, அல்லது அவரே விரும்பிச் செய்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம். குறைபாடு ஒரு வாசலைத் திறந்திருக்கலாம். அதற்குள் நுழைவதா வேண்டாமா என்று முடிவு செய்தது, அதுவரை பல ஆயிரம் மணி நேரம் வரைந்து பழகிய ஒரு கை.

உடம்பு படுத்துவிட்டால்?

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941-ல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. அதன்பிறகு நீண்ட நேரம் நின்றுகொண்டு வரைவது முடியாமல் போனது. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, உதவியாளர்கள் வண்ணம் பூசிக்கொடுத்த காகிதங்களைக் கத்தரியால் வெட்டினார். பினோத் பிஹாரி பின்னாளில் பிடித்த அதே கத்தரி. 1954-ல் இறக்கும் வரை அவர் செய்த அந்தக் காகித வேலைகள், அவருடைய வாழ்நாள் சாதனைகளில் முக்கியமானவையாக இன்று பேசப்படுகின்றன.

மெக்சிகோவின் ஃப்ரீடா காலோவை இன்ஸ்டாகிராம் தலைமுறைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டி-ஷர்ட், மொபைல் கவர் வரை அவர் முகம் இருக்கிறது. 1925-ல், 18 வயதில், அவர் போன பஸ் மீது டிராம் மோதியது. முதுகெலும்பு, இடுப்பு, கால் என்று உடம்பு முழுக்க முறிவு. அசைய முடியாமல் கிடந்த மகளுக்குப் படுத்துக்கொண்டே வரையும்படி ஒரு சட்டகம் ஏற்பாடானது. மேலே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரிந்தது ஒரே ஆள்தான். அவருடைய ஓவியங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுய உருவப்படங்களாக ஆனதன் தொடக்கம் அந்தப் படுக்கை.

அப்போ, கஷ்டப்பட்டாத்தான் கலையா?

இங்கேதான் பலரும் தடம் மாறிப் போகிறார்கள்.

‘வலி இருந்தால்தான் நல்ல கலை வரும்’, ‘ஜீனியஸ் என்றாலே கொஞ்சம் கிறுக்குதான்’ என்ற பேச்சு ரொம்ப பழசு. கேட்கக் கவர்ச்சியாகவும் இருக்கும். அதற்கு எல்லோரும் இழுக்கும் பெயர் வான்கோ.

உண்மையில் வான்கோவின் கதை அதற்கு நேர்மாறானது. 1889 மே மாதம் அவர் தெற்கு பிரான்ஸில் ஒரு மனநலக் காப்பகத்தில் தானாகச் சேர்ந்தார். அடுத்த மாதமே ‘நட்சத்திர இரவு’ ஓவியம் பிறந்தது. ஆனால் நோய் முற்றும் நாட்களில் அவரால் வேலை செய்ய முடியவில்லை. சில சமயம் வாரக்கணக்கில் தூரிகையைத் தொடவில்லை. மனம் தெளிந்த நாட்களில்தான் வரைந்தார், அதுவும் வெறித்தனமான உழைப்போடு. காப்பகத்தில் படுக்க ஒரு அறை, வரைய இன்னொரு அறை கொடுத்திருந்தார்கள். தம்பி தியோ தவறாமல் பணமும் பெயின்ட்டும் அனுப்பினார். ஓவியம் வந்தது அந்த அறையிலிருந்தும் அந்தப் பார்சலிலிருந்தும்தான். நோய் அவரிடமிருந்து நாட்களைப் பறித்தது. 1890-ல், 37 வயதில், மொத்தமாகவே பறித்துக்கொண்டது.

மேலே பார்த்த எல்லாக் கதைகளையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ராமானுஜத்துக்கு ஒரு பணிக்கரும் சோழமண்டலமும். பினோத் பிஹாரிக்கு நந்தலாலும் கலா பவனமும், ஓடுகளைப் பதிக்க உதவிய மாணவர்களும். மத்தீஸுக்கு உதவியாளர்கள். ஃப்ரீடாவுக்குத் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி. யாரோ ஒருவர் ஒரு இடத்தையும் கொஞ்சம் நேரத்தையும் கொடுத்திருக்கிறார்.

குறைபாடு தானாக ஓவியம் ஆவதில்லை. குறையோடு வருபவரை வெளியே தள்ளாத ஒரு சூழல் கிடைத்தால், அவர் போகும் வழி மற்றவர்களுடையதிலிருந்து வேறாக இருக்கிறது. அந்த வேறு வழியைத்தான் நாம் பிறகு ‘தனித்துவம்’, ‘ஸ்டைல்’ என்று கொண்டாடுகிறோம்.

அந்தச் சூழலும் எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதற்கும் ராமானுஜமே சாட்சி. நண்பர்கள் இருந்தார்கள். வரைய இடம் இருந்தது. ஆனால் மனநலச் சிகிச்சை இன்றைய அளவுக்கு வளராத, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே கூச்சப்பட்ட காலம் அது. ‘துயரம்தான் அவரைப் பெரிய ஓவியர் ஆக்கியது’ என்று சொல்வது, அவர் வாழ்ந்திருந்தால் வரைந்திருக்கக்கூடிய ஓவியங்களை மறந்துவிட்டுப் பேசுவது. அவர் எழுபது வயது வரை இருந்திருந்தால் அந்தத் தொப்பிக்காரர் இன்னும் எந்தெந்த வாசலுக்குள் போயிருப்பாரோ!

அனுபவம் என்றால் துயரம் மட்டும்தானா?

இல்லவே இல்லை. பணிக்கரையே எடுத்துக்கொள்ளலாம். 1911-ல் கோவையில் பிறந்தவர். குடும்பச் சூழ்நிலையால் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்து, 25 வயதில்தான் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். இன்றைய பேச்சில் சொன்னால் கரியர் ஸ்விட்ச்.

அவருடைய மிகப் பிரபலமான ஓவிய வரிசை ‘சொற்களும் குறியீடுகளும்’. 1963 வாக்கில் தொடங்கியது. கேன்வாஸ் முழுக்க எழுத்து மாதிரி, கணக்கு மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி ஏதேதோ இருக்கும். வாசிக்க முயன்றால் ஒன்றும் புரியாது. புரியக் கூடாது என்றுதான் அப்படி எழுதினார்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஒரு மாணவரின் கணக்கு நோட்டிலிருந்து! அல்ஜீப்ரா சூத்திரங்களும் ஜியோமெட்ரி கோடுகளும் கிறுக்கியிருந்த ஒரு பக்கம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. அர்த்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்தப் பக்கமே ஒரு ஓவியமாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது கிறுக்கல். ஐரோப்பிய நவீன ஓவியத்தை அப்படியே நகலெடுக்காமல் நம் மண்ணுக்கு ஒரு ஓவிய மொழி வேண்டும் என்று பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அது விடை.

கண்ணில் புரை வந்தாலும் சரி, நோட்டில் கிறுக்கல் கிடைத்தாலும் சரி, ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பவருக்குத்தான் அது பயன்படுகிறது.

பிசிறில்லாத படம் வெறும் பத்து நொடியில்... பிறகு ஏன் கைவேலை?

இன்று ஏஐ-யிடம் ‘கோபுரங்கள், பாம்புகள், தேவதைகள், தொப்பி போட்ட மனிதர்’ என்று டைப் செய்தால் சில நொடிகளில் படம் வந்துவிடும். பிசிறே இருக்காது. பார்த்ததும் ‘வாவ்’ என்றுகூடத் தோன்றும்.

ஆனால் ராமானுஜத்தின் ஓவியத்துக்கு அருகில் போய்ப் பார்த்தால் தெரிவது வேறு. ஓரிடத்தில் மை கொஞ்சம் கனத்திருக்கும். ஓரிடத்தில் கோடு வளைய வேண்டிய இடத்தில் ஒரு நூலளவு தாண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான கோடுகளில் ஒன்றுகூட இன்னொன்றின் நகல் கிடையாது. ஒரு மனிதர் இந்தக் காகிதத்தின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அந்தப் பிசிறுகள்தான் அத்தாட்சி.

மார்கழி மாசம் வாசலில் போடும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் கோலம் பக்காவாக இருக்கும். ஆனால் தெருவில் நடந்து போகும்போது நின்று பார்ப்பது கையால் போட்ட கோலத்தைத்தான். ‘இந்த வளைவு எங்க பாட்டி போடுற மாதிரியே இருக்கே’ என்று சொல்லவைப்பது அந்தக் கையின் பழக்கம். மெட்ராஸ் ஓவிய இயக்கத்தை மற்ற இந்திய ஓவியப் போக்குகளிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளமாக விமர்சகர்கள் சொல்வதும் இந்தக் கோட்டைத்தான்.

ஒருவர் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்தே யாரென்று சொல்லிவிடுகிறோம். எல்லோரும் ராணுவ அணிவகுப்பு மாதிரி நடந்தால் சொல்ல முடியுமா?

எங்கே போய்ப் பார்க்கலாம்?

* சோழமண்டலம் ஓவியர் கிராமம், ஈஞ்சம்பாக்கம்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்றே இங்கு 2009-ல் ஒரு கலை மையம் திறக்கப்பட்டது. குத்தம்பாக்கம், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிற பயணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினால் சுகம்.
* எழும்பூர் அரசு அருங்காட்சியகம்: வளாகத்திலேயே ஓவியக் கூடங்கள் உண்டு. மெட்ரோவிலோ புறநகர் ரயிலிலோ எழும்பூரில் இறங்கிப் போய்விடலாம்.
* லலித் கலா அகாடமி, கிரீம்ஸ் சாலை: இளம் ஓவியர்களின் கண்காட்சிகள் அடிக்கடி நடக்கும்.
* அரசு கவின் கலைக் கல்லூரி, பெரியமேடு: மாணவர் கண்காட்சி நடக்கும் நாட்களில் எட்டிப் பார்க்கலாம். பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகும் அந்தச் செங்கல் நிறக் கட்டடங்களுக்குள் 170 வருஷத்துக்கு மேலான ஓவிய வரலாறு இருக்கிறது.

போகும்போது ஒன்று செய்து பாருங்கள். ஒரு ஓவியத்தின் முன்னால் மொபைலை எடுக்காமல் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ‘நல்லா இருக்கா, இல்லையா’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, கோடு எங்கே தயங்கியிருக்கிறது, நிறம் எங்கே வழிந்திருக்கிறது, எந்த இடத்தை அவர் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறார் என்று தேடுங்கள். வரைந்தவர் அங்கேதான் இருப்பார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ, படிப்பு ஏறாத, பேச்சு திக்கும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்நேரமும் எதையாவது கிறுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். திட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பணிக்கர் செய்தது அதைத்தான்.

*மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். தமிழக அரசின் 104 உதவி எண்ணையும், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 14416 எண்ணையும் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.*